புகையும் முகத்துவாரமும்: பயணிகளைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ 6இ-054 விமானத்தில் புகை நாற்றம் அடிப்பதாகப் பயணிகள் சிலர் பணியாளர்களிடம் சொன்னார்கள். 23சி இருக்கைக்கு மேலே, பைகள் வைக்கும் அறையிலிருந்து மெல்லிய புகை வந்தது. விமானிக்கு உடனே தகவல் போனது. அவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்தார். அதற்குள் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வேறு இருக்கைகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரு பயணியின் பைக்குள் இருந்த சாம்சங் நோட் 2 கைபேசிதான் புகைகிறது என்று தெரிந்ததும் தீயணைப்பானை அதன்மேல் பீய்ச்சினார்கள். பிறகு கழிவறையில் தண்ணீர் நிரப்பிய கலத்துக்குள் அதைப் போட்டார்கள். விமானம் வழக்கம்போல் சென்னையில் தரையிறங்கியது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. விமான அறைகளில் வழக்கமாக இருக்கும் ஹாலான் தீயணைப்பான் சுவாலையை அடக்கும். ஆனால் லித்தியம் மின்கலத்தின் உட்சூட்டைத் தணிக்காது. சூடு மின்கலத்தின் ஓர் உட்கலத்திலிருந்து அடுத்த உட்கலத்துக்குப் பரவி, அணைந்ததாகத் தோன்றிய மின்கலம் மீண்டும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் அடுத்ததாகத் தண்ணீர். பயிற்சியில் வேலையும் பிரிக்கப்பட்டிருக்கும்: ஒருவர் தீயோடு போராடுவார், ஒருவர் விமானியோடு பேசுவார், இன்னொருவர் கருவிகளை எடுத்துக் கொடுத்துப் பயணிகளைப் பார்த்துக்கொள்வார். புகை கண்ட பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளும் வேலை இல்லை இது.

அந்தச் சென்னைக்கு வடக்கே, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், அங்கே உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் போனவர்கள் அவர்கள். பின்னர் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பயணிகளைக் காப்பது கருவியோடும் தனிமனிதத் திறமையோடும் முடிந்துவிடுவதில்லை. முன்கூட்டியே ஒருவர்மேல் சுமத்தப்பட்ட பொறுப்பாக அது இருந்தாக வேண்டும் என்பது என் வாதம்.

முதல் மறுப்பு எளிதில் எழும். பழவேற்காட்டு மீனவருக்குத் தண்ணீரைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? உண்மைதான். ஏரி நீர் வெளியேறும் வேகமும் கடலலையும் மோதும் முகத்துவாரத்தில் எப்போது இறங்கலாம், எப்போது கூடாது என்பதை அவர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். ஆனால் அந்த அறிவு தொழிலுக்குப் போகும் நாலைந்து பேருக்குள் பகிரப்பட்டது. வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கும். ஏறியிருப்பவர் அனைவரும் அலையைப் பார்த்துத் தம் உடலைச் சாய்க்கத் தெரிந்தவர்கள். அதே படகில் குடும்பங்களை ஏற்றினால் நிலைமை தலைகீழாகிறது. படம் எடுக்க நாலுபேர் எழுந்து நின்றாலே பாரத்தின் மையம் மேலே ஏறும். எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவர் கையில் ஒன்றுமில்லை. அவர் ஒருவரே இயந்திரத்தையும் அலையையும் பயணிகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டு விமான விதிகள் ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்று கேட்பது சாப்பாடு பரிமாறுவதற்காக அல்ல.

விமானத்தின் செலவை ஏழைப் படகோட்டிமேல் ஏற்றலாமா என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது. ஆனால் 6இ-054இல் பலன் தந்தவற்றைப் பாருங்கள்: ஆட்களை இடம் மாற்றியது, தகவல் சொன்னது, ஒரு தீயணைப்பான், ஒரு கலம் தண்ணீர். மாறாக 1980 ஆகஸ்ட் 19இல் ரியாத்தில் சவூதியா 163 என்ற பெரிய விமானம் புகையோடு பத்திரமாகத் தரையிறங்கியது. இயந்திரங்களை உடனே நிறுத்தவில்லை. பயணிகளை வெளியேற்றவும் இல்லை. தரையில் நின்ற விமானத்துக்குள்ளேயே 301 பேரும் இறந்தார்கள். கருவி இருந்தது, பணியாளர்கள் இருந்தார்கள். சரியான நேரத்தில் ஆணை வரவில்லை. என் வாதத்துக்கு இது ஒரு திருத்தம்கூட: பொறுப்போடு அதிகாரமும் சேர்ந்தே வர வேண்டும்.

பழவேற்காட்டில் அந்த அதிகாரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. எந்த நீர்ப்பரப்பில் யார் எப்போது வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி, முறை வைத்துத் தீர்மானிக்கிறது. முறை இல்லாதவர் அன்று அங்கே வலை கட்ட முடியாது. அதாவது ‘இன்று உனக்கு இல்லை’ என்று தம் உறவினரிடமே சொல்லவும், அதை ஏற்கச் செய்யவும் வல்ல ஓர் அமைப்பு அந்த ஏரிக்கரையில் ஏற்கெனவே இருக்கிறது.

சவாரியை மீண்டும் முறைப்படுத்துவது பற்றிப் பேசுபவர்கள் மேலங்கிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு படகிலும் ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர், பயணிகளை மட்டுமே பார்க்கும் வேலையோடு, ஊரின் நியமனத்திலும் அரசின் பயிற்சியிலும் இருக்க வேண்டும். கூலி அவருக்குத் தனியாகக் கிடைக்க வேண்டும். ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அவரும் ஆளேற்றத்தான் பார்ப்பார். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆள் காலை வைக்கும்போது, படகின் சொந்தக்காரரே அருகில் நின்றாலும், ‘இறங்குங்கள்’ என்று அவர் சொன்னால் படகு கிளம்பக் கூடாது.