பாளையமும் பிணியும்

திருவெறும்பூர்க் குன்றின்மேல் விளங்கும் எறும்பீசுவரர் கோயிலைக் காண்போர், ஒரு காலத்தில் அது படைகள் தங்கிய அரணாகவும் இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1750-களில் திருச்சிராப்பள்ளிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட நாள்கள் அவை. போர் ஓய்ந்தது, படை ஓயவில்லை. திருச்சியில் எழுந்த இராணுவக் குடியிருப்பின் நினைவாகக் கண்டோன்மெண்ட் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

அங்கு வாழ்ந்த வெள்ளைச் சிப்பாய்களுள் பெரும்பாலோர்க்கு மணம் புரிய அனுமதி கிடையாது. தனிமையும் மதுவும் அவர்களைத் தவறான வழியில் செலுத்தின. பால்வினை நோய்கள் பெருகின. சென்னை மாகாண அரசு 1805-இலேயே 'லாக் ஆஸ்பத்திரி' எனப்பட்ட மருத்துவமனைகளைத் தொடங்கிற்று. 1864-ஆம் ஆண்டுக் கண்டோன்மெண்ட் சட்டம் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தது. திருச்சியிலும் இத்தகைய மருத்துவமனை இயங்கிற்று.

பாளையத்தை அண்டிப் பிழைத்த ஏழைப் பெண்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. குறித்த நாளில் அவர்கள் சோதனைக்கு வரவேண்டும்; நோய் கண்டால் அடைத்து வைக்கப்படுவர். ஆனால் அந்நோயைக் கொடுத்த, கொண்ட ஆண்மகனைச் சட்டம் தொடவில்லை. மருத்துவமோ பாதரசத்தையே நம்பியிருந்த காலம் அது. வெளிப்புண் ஆறியதும் நோய் நீங்கிற்று என்று கருதி அனுப்பினர். நச்சு உள்ளே உறங்கிற்று.

இந்த ஓரவஞ்சனையை எதிர்த்து இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் அம்மையார் கிறிஸ்தவ விசுவாசத்தின் உந்துதலால் போராடினார். 1886-இல் அந்நாட்டுச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டில் இந்தியப் படைத்தலைமையோ, படைப்பிரிவுகளுக்குப் போதிய பெண்களை ஏற்பாடு செய்யுமாறு சுற்றறிக்கை விடுத்தது! அது வெளியாகிக் கண்டனம் எழவே, 1888-இல் இந்தியச் சட்டமும் நீக்கப்பட்டது. 1890-களின் நடுவில் ஆயிரம் வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஆண்டுதோறும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை இந்நோய்க்காக மருத்துவமனைச் சேர்க்கை நிகழ்ந்தது. அடுத்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சிப்பாய்களுக்கே அறிவுரையும், விளையாட்டும், நல்ல பொழுதுபோக்கும், முறையான சிகிச்சையும் அளிக்கப்பட்டபோது நோய் பெரிதும் தணிந்தது.

வரலாறு கற்பித்த இப்பாடத்தை நாம் கற்றோமா? 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். தொற்றுக்குள்ளான பெண்கள் சிலர் தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் காவல் இல்லத்திலேயே வைக்கப்பட்டனர். 1990-இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்னரே விடுதலை பெற்றனர். லாக் ஆஸ்பத்திரி பெயர் மாறி மீண்டும் வந்தது எனலாம்.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவை, அமைதிப் படையினர்க்கு எச்.ஐ.வி. பற்றிய பயிற்சியும் தடுப்பும் தேவை எனத் தீர்மானித்தது. பொறுப்பு சீருடையின் பக்கமும் திரும்பிற்று. 2017-இல் நம் நாடு இயற்றிய சட்டமோ, தொற்றுடையோரை ஒதுக்குவதைத் தடைசெய்தது.

பிணியைப் பிடிக்கப் புறப்பட்டவர்கள் ஏழைப் பெண்ணைப் பிடித்தார்கள், பிணி தப்பித்துக்கொண்டது. நம் ஊரிலும் நோயுற்றவர் ஒருவரைக் குறித்து முணுமுணுப்பு எழும்போது, அந்தப் பழைய பதிவேட்டில் இன்னொரு பெயரை நாம் எழுதாதிருப்போமாக.