புலி பக்கம் தாத்தா

எங்கள் வீட்டுத் திண்ணைக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் செதுக்கியிருக்கும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புளியங்கொட்டைதான் ஆடு. தாத்தா எப்போதும் புலி பக்கம். எழுபதைத் தாண்டியதும் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆனாலும் ஆட்டத்துக்குக் காது எதற்கு? வெட்டுப்பட்ட ஆட்டை எடுத்து எதிராளி மடியில் போட்டுச் சிரிப்பார்.

திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு வானொலிப் பெட்டி வந்தபோதும், அதைக் கேட்கக் கிழவர்கள் திண்ணையை விட்டு மணல்திட்டுக்கு இடம் மாறினார்களே தவிர, கூட்டம் கலையவில்லை. நெல் விலை கேட்டுவிட்டு அங்கேயே சண்டை போடுவார்கள்.

கலைத்தது தொலைக்காட்சி. சென்னையில் 1975-இல் ஒளிபரப்பு தொடங்கினாலும் எங்கள் தெருவுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 2006-க்குப் பிறகு அரசின் இலவசப் பெட்டி வந்ததும் வீட்டுக்கு வீடு தனிக் கூட்டம். அதற்கு முன்பே, பைக் நிறுத்த இடம் வேண்டுமென்று அப்பா திண்ணையை இடித்திருந்தார். நானும் கூடநின்று கல் சுமந்தேன்.

தாத்தா உள்ளறைக்குப் போனார். பெட்டி பேசுவது அவருக்குக் கேட்காது. இரண்டு வருஷத்தில் என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். மறதிநோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் காது மந்தத்தையும் தனிமையையும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020 அறிக்கையில் சேர்த்திருக்கிறது. திண்ணையை இடித்ததுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், வயதும் இருந்தது.

அந்தக் கல் இப்போது கொல்லையில் துணி துவைக்கக் கிடக்கிறது. கோடுகள் பாதி தேய்ந்துவிட்டன.