புத்தகம் கொடுத்தார்... சனிக்கிழமை கொடுத்தாரா?

ஒரே ஒரு மனிதரின் பணத்தில் உலகமெங்கும் சுமார் 2,500 லைப்ரரிகள் எழும்பின என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 1,700! மிச்சம் பிரிட்டன், அயர்லாந்து, கனடா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று விரிந்து, பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜித் தீவு வரை போய் நின்றது. அந்த மனிதர் ஆண்ட்ரூ கார்னகி. 1919-ல் அவர் கண்ணை மூடியபோது, வாரிக் கொடுத்திருந்த மொத்தத் தொகை சுமார் 35 கோடி டாலர். சொத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு!

'ஆஹா, வள்ளல்!' என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். இவருக்கு இன்னொரு கதையும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு, கைதட்டலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு ஃப்ளாஷ்பேக்.

ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்கிற ஊர். அப்பா கைத்தறி நெசவாளி. நீராவித் தறி வந்ததும் பிழைப்பு போச்சு. 1848-ல் குடும்பம் கப்பலேறி அமெரிக்கா வந்தது. பிட்ஸ்பர்க் பக்கத்தில் அலிகெனி என்ற ஊரில் ஒண்டிக்கொண்டார்கள். 13 வயது ஆண்ட்ரூவுக்குப் பஞ்சாலையில் நூல்கண்டு மாற்றும் வேலை. சம்பளம்? வாரத்துக்கு ஒரு டாலர் இருபது சென்ட்!

அப்புறம் தந்தி ஆபீஸில் எடுபிடிப் பையன். படிக்கிற ஆசை மட்டும் நெருப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. புத்தகம் வாங்கக் காசு ஏது? அந்த ஊரில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு நல்ல மனிதர் இருந்தார். வீட்டிலிருந்த சுமார் 400 புத்தகங்களை, வேலைக்குப் போகும் பையன்களுக்காகத் திறந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் போனால், ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வரலாம். அடுத்த சனிக்கிழமை அதைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம். ஆண்ட்ரூவுக்கு வாரம் பூராவும் அந்த ஒரு நாளுக்கான காத்திருப்புதான்.

1853-ல் ஒரு சிக்கல். லைப்ரரியை நிர்வகித்தவர்கள், 'தொழில் பழகும் பையன்களுக்குத்தான் இலவசம். மற்றவர்கள் வருஷத்துக்கு 2 டாலர் கட்டணும்' என்று சொல்லிவிட்டார்கள். தந்திப் பையன் 'மற்றவர்கள்' பட்டியலில் போய்விட்டான்! ஆண்ட்ரூ என்ன செய்தான் தெரியுமா? அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. யார் காலிலும் விழவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். 'நானும் வேலை செய்கிற பையன்தான், எனக்கு மட்டும் ஏன் கிடையாது?' என்று பொதுவில் வைத்து நியாயம் கேட்டான். கடைசியில் ஜெயித்தான்!

இந்த 17 வயதுப் பையனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவன் தேவைப்படுவான்.

தந்தி, ரயில்வே, கடைசியில் இரும்பும் எஃகும் என்று கார்னகி கிடுகிடுவென்று மேலே போனது தனிக்கதை. பிட்ஸ்பர்க்கைச் சுற்றிப் பெரிய பெரிய எஃகு ஆலைகள் அவர் கைக்கு வந்தன. அவற்றில் ஒன்று பிராடக் ஊரில் இருந்த ஆலை. அங்கே சில வருடங்கள் எட்டு மணி நேர ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது அபூர்வம். ஆனால் போட்டிக் கம்பெனிகள் எல்லாம் 12 மணி நேரம் வேலை வாங்க, கார்னகிக்குக் கணக்கு உதைத்தது. 1888-ல் ஆலைக்குப் பூட்டு போட்டு, யூனியனை ஓரங்கட்டி, தொழிலாளிகளை மறுபடி 12 மணி நேரத்துக்குத் திருப்பினார்கள்.

மறு வருஷம் 1889. அதே பிராடக் ஊரில், அதே தொழிலாளிகளுக்காக கார்னகி ஒரு லைப்ரரியைத் திறந்துவைத்தார். அமெரிக்க மண்ணில் அவர் கட்டிய முதல் லைப்ரரி அதுதான்!

12 மணி நேரம் உலை முன்னால் வெந்துவிட்டு வருகிறவன், எந்தக் கண்ணால் படிப்பான்?

அதே 1889-ல்தான் கார்னகி செல்வத்தைப் பற்றித் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பணக்காரன் தன் பணத்துக்கு வெறும் தர்மகர்த்தாதான்; உயிரோடு இருக்கும்போதே ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும்; பணத்தோடு சாவது கேவலம். இதுதான் சாரம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால், கட்டுரைக்குள் இன்னொரு வாதமும் இருக்கிறது. அந்தப் பணத்தைச் சின்னச் சின்னத் தொகையாகப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் அது கரைந்துபோகும். விவரம் தெரிந்த ஒருவர் கையில் சேர்ந்து, அவர் அதை ஊருக்குச் செலவழித்தால்தான் நல்ல பலன் என்கிறார்.

புரிகிறதா? 'உன் கூலியை உன்னிடம் கொடுத்தால் வீணாக்கிவிடுவாய். என்னிடமே இருக்கட்டும், உனக்கு எது நல்லதோ அதை நானே வாங்கித் தருகிறேன்' என்பதுதான் இதற்கு அர்த்தம்!

1892-ல் இந்தத் தத்துவத்துக்குப் பரீட்சை வந்தது. இடம், ஹோம்ஸ்டெட் ஆலை. சுமார் 3,800 தொழிலாளிகள். கூலி ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது. நிர்வாகமோ கூலியைக் குறைக்கவும், யூனியனை ஒழிக்கவும் தயாராக இருந்தது. ஆலைப் பொறுப்பு ஹென்றி ஃப்ரிக் கையில். இரக்கம் என்ற வார்த்தையையே அறியாத ஆசாமி. கார்னகி? வழக்கம்போல் கோடைக்கு ஸ்காட்லாந்து போய்விட்டார். போவதற்கு முன்னாலேயே, 'யூனியன் இல்லாமல்தான் ஆலை ஓடும்' என்று ஒரு அறிவிப்பை எழுதித் தந்திருந்தார். ஃப்ரிக் என்ன செய்தாலும் தனக்குச் சம்மதம் என்று கடிதமும் போட்டார்.

இதே கார்னகி 1886-ல் பத்திரிகைக் கட்டுரைகளில், தொழிலாளிக்குச் சங்கம் வைக்க உரிமை உண்டு, ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் பறிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியவர்!

ஃப்ரிக் ஆலையைச் சுற்றி உயரமாக வேலி போட்டு, மேலே முள்கம்பி இழுத்து, கதவைச் சாத்தினார். பிங்கர்ட்டன் கம்பெனியிடம் 300 பேரை வாடகைக்குப் பிடித்தார். நம்ம ஊர் பாஷையில், கூலிப்படை. ஜூலை 6-ம் தேதி விடிவதற்கு முன்னால், ஆற்று வழியாக இரண்டு படகுகளில் துப்பாக்கிகளோடு வந்து இறங்கப் பார்த்தார்கள். கரையில் ஊரே திரண்டு நின்றது. சுட்டது யார் முதலில் என்பதில் இன்றுவரை தகராறு. பகல் பூராவும் சண்டை. இரு பக்கமும் சேர்த்து குறைந்தது பத்துப் பேர் செத்தார்கள். சரணடைந்த பிங்கர்ட்டன் ஆட்களை ஜனங்கள் அடித்து நொறுக்கியதும் நடந்தது.

ஒரு வாரத்துக்குள் மாகாணப் படை 8,000 பேருக்கு மேல் வந்து இறங்கியது. படைக் காவலில் புது ஆட்களை வைத்து ஆலை ஓடியது. நவம்பரில் ஸ்டிரைக் தோற்றது. அந்த அடியில் விழுந்த யூனியன், அமெரிக்க எஃகுத் தொழிலில் மறுபடி தலைதூக்க 1930-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நியாயம் கேட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினானே ஒரு பையன், ஞாபகம் இருக்கிறதா? ஹோம்ஸ்டெட்காரர்கள் கேட்டதும் அதே நியாயம்தான். அவனுக்குப் புத்தகம் கிடைத்தது, இவர்களுக்குத் துப்பாக்கி வந்தது.

1901-ல் கார்னகி தன் கம்பெனியை ஜே.பி. மார்கன் கூட்டணிக்கு 48 கோடி டாலருக்கு விற்றார். லைப்ரரிகள் வரிசையாக எழும்பின. ஹோம்ஸ்டெட்டுக்கே 1898-ல் சங்கீத ஹால், நீச்சல் குளம் சகிதமாக ஒரு பிரமாண்டமான லைப்ரரி வந்துவிட்டிருந்தது. 'லைப்ரரி யார் கேட்டார்கள்? கூலியைக் கூட்டிக் கொடுத்திருக்கலாமே' என்று தொழிலாளிகள் முணுமுணுத்தார்கள். மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊர், ஒரு படி மேலே போனது. 1904-ல் விஷயம் ஓட்டெடுப்புக்கு வந்தபோது, யூனியன்கள் வரிந்துகட்டிப் பிரசாரம் செய்து, கார்னகி பணமே வேண்டாம் என்று தோற்கடித்தன!

'பசுவைக் கொன்று செருப்பு தானம் செய்த கதை' என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அவ்வளவுதானா கார்னகி?

இல்லை. அவசரப்பட்டு அப்படி முடித்துவிடுவதும் நியாயமில்லை. அந்தக் காலத்தில் தொழிலாளியைப் பிழிந்த முதலாளிகள் ஏராளம். பிழிந்த பணத்தில் மாளிகையும் உல்லாசப் படகும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தவர்கள்தான் அதிகம். கார்னகி அதோடு நின்றுவிடவில்லை. இன்னொன்று, அவர் லைப்ரரியைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. இடம் ஊர் தர வேண்டும். கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் பராமரிப்புக்கு ஊர் ஒதுக்க வேண்டும். இதனால் லைப்ரரி ஊரின் பொறுப்பாகவும் சொத்தாகவும் ஆனது. அங்கே உட்கார்ந்து படித்து முன்னேறிய பிள்ளைகள் பொய்யில்லை. கொடை பாராட்டுக்கு உரியதுதான், சந்தேகமே வேண்டாம்.

ஆனால், பாராட்டு வேறு, கணக்குத் தீர்ப்பது வேறு. லைப்ரரி என்ற வரவை எழுதி, ஹோம்ஸ்டெட் என்ற பற்றை அழிக்க முடியாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அதோடு, கல்வெட்டில் கார்னகி பெயர் மட்டும் இருப்பதும் சரியில்லை. அந்தச் செங்கல்களில் பாதி, 12 மணி நேரம் உலையில் நின்றவனின் நன்கொடை. என்ன, அவனை யாரும் கேட்டுவிட்டு வாங்கவில்லை!

2010-ல் பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும், 'சொத்தில் பாதிக்கு மேல் தர்மத்துக்கு' என்று கோடீஸ்வரர்களிடம் உறுதிமொழி வாங்கக் கிளம்பினார்கள். கார்னகி எழுதி 121 வருஷம் கழித்தும் அதே யோசனை. இனி அப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது தாராளமாகக் கைதட்டுங்கள். கூடவே, 'அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறான்?' என்று ஒரு கேள்வியும் கேட்டுவையுங்கள்.

கடைசியாக ஒரு சிலை. நன்றி மறக்காத கார்னகி, 1904-ல் அலிகெனியில் கர்னல் ஆண்டர்சனுக்கு நினைவுச் சின்னம் வைத்தார். அதில் வெண்கலத்தில் ஒரு தொழிலாளி. சட்டையில்லாத உடம்பு. பட்டறைக் கல்லின் மேல் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறான்.

எஃகு ஆலைகளில் 12 மணி நேர வேலை ஒழிந்தது 1923-ல். கார்னகி இறந்து நான்கு வருடம் கழித்து. அதுவரைக்கும், நிம்மதியாக உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது அந்த வெண்கலத் தொழிலாளிக்கு மட்டும்தான்!