பிணைக் கையெழுத்தும் திவால் சட்டமும்

நண்பரின் கார்க் கடனுக்குப் பிணை நின்று திவாலானோர் கதைகளை ஆசிரியர் அறைகளில் கேட்டிருப்போம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டம் தொடக்கத்தில் இத்தகைய பிணையாளருக்குத் தனிச்சலுகை தரவில்லை. 2003இல் ஓரளவு காப்பு கிட்டியது. 6.10.2017 அன்று நடப்புக்கு வந்த திருத்தமே, கல்விக்கடன், குடியிருக்கும் வீடு, சொந்த வாகனம் ஆகியவற்றிற்கு ஆதாயம் கருதாமல் பிணை நின்றோரைத் திவாலாக்கக் கூடாதெனத் தடுத்தது. (வணிகக் கடன் பிணையாளருக்கு இம்முழுக்காப்பு இல்லை, பலர் இதை மறந்துவிடுகின்றனர்!) திவாலாக்குதற்குரிய குறைந்தபட்சக் கடனும் 30,000 ரிங்கிட்டிலிருந்து 50,000ஆகி, 2021இல் நிரந்தரமாக 100,000 ஆயிற்று.

இருப்பினும், திவால் அறிவிப்பு கைக்கு வந்தபின் ஏழு நாள்களே தவணை. அஞ்சி அதனை அலமாரியில் ஒளித்து வைப்போரும் உளர். அன்றே வழக்கறிஞரையோ அரசாங்கச் சட்ட உதவித் துறையையோ நாடுக. குறிப்பிட்ட தொகை தவறெனில், அதனை மறுப்பதற்கும் அவ்வேழு நாள்களே உள்ளன.