போதகர் பெல்லும் ஓட்டுநர் உரிமமும்

பணியில் இருந்த காலத்தில், லைசென்ஸை ஏன் தற்காலிகமாக நிறுத்தி வைக்கக் கூடாது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்த ஓட்டுநர்கள் பலருக்கு நான் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "சார், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்பதுதான். அங்கே என்ன கேட்கப் போகிறார்கள் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதுதான் முதலில் தெரிய வேண்டியது. ஓய்வுக்குப் பிறகு அமெரிக்க வழக்கு ஒன்றைப் படித்தபோது இது இன்னும் நன்றாக விளங்கியது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பெல் என்றொரு கிறிஸ்தவ போதகர். மூன்று கிராமப்புற ஊர்களில் ஊழியம். கார் இல்லாமல் நடக்காது. 1968 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் வந்து அவருடைய காரின் பக்கவாட்டில் மோதிவிட்டாள். பெற்றோர் 5,000 டாலர் நஷ்டஈடு கேட்டு அரசுத் துறைக்கு எழுதினார்கள். அந்த மாநிலச் சட்டப்படி, இன்ஷூரன்ஸ் இல்லாதவர் விபத்தில் சிக்கினால், கேட்ட தொகைக்குப் பிணை கட்ட வேண்டும், அல்லது எதிர்த்தரப்பிடம் விடுவிப்புப் பத்திரம் வாங்கி வர வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் போய்விடும்.

பெல் விசாரணை கேட்டார். தன் மேல் தப்பில்லை, விபத்தைத் தவிர்க்க வழியே இருக்கவில்லை, கார் ஓட்ட முடியாவிட்டால் ஊழியம் முடங்கும் என்றார். விசாரணைக்குத் தேதியும் கொடுத்தார்கள். ஆனால் பரிசீலிக்கும் விஷயம் மூன்றே மூன்று என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: விபத்தில் உங்கள் வண்டி சம்பந்தப்பட்டதா? சட்டம் சொன்னபடி செய்தீர்களா? விதிவிலக்கு எதிலாவது வருகிறீர்களா? யார் மேல் தப்பு என்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது! அவர் கொண்டுபோன சாட்சியத்தைத் தொடாமலே, முப்பது நாள் கெடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் விடவில்லை. கீழ்க் கோர்ட்டில் அவர் மேல் தப்பில்லை என்று தீர்ப்பானது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமோ, தப்பு யாருடையது என்பது இங்கே பொருட்டே அல்ல என்று அதைப் புரட்டிப்போட்டது. கடைசியில் 1971 மே 24-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி பிரென்னன். ஒன்பது நீதிபதிகளும் முடிவில் ஒன்றுபட்டார்கள். லைசென்ஸ் ஒருவரின் பிழைப்போடு சேர்ந்துவிட்டது, முறையான விசாரணை இல்லாமல் அரசு அதைப் பறிக்க முடியாது என்றார்கள். தப்பு இருக்கலாம் என்பதை வைத்துத்தான் மொத்தச் சட்டமும் நிற்கிறது. அந்தத் தப்பைப் பற்றியே பேச விடாத விசாரணை என்ன விசாரணை? பெல்லுக்கு ஜெயம்.

பின்னாளில் அதே நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. பழைய தண்டனைகளின் கணக்கை வைத்து லைசென்ஸை ரத்து செய்யும்போது விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று 1977-ல் சொன்னது. மது அருந்தி ஓட்டியதாகப் பிடிபட்டவர் மூச்சுச் சோதனைக்கு மறுத்தால் உடனே 90 நாள் நிறுத்தி வைக்கலாம் என்று 1979-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. குடித்துவிட்டு ஓட்டுபவர் விஷயத்தில் அந்த அவசரம் நியாயமே என்பது என் கட்சி.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, உரிமம் வைத்திருப்பவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே தகுதியிழப்பு உத்தரவு போட வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. எந்தக் காரணங்களுக்காகப் போடலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. பொதுமக்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் செயல்களை 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 21-ஆம் விதி வரிசையாகச் சொல்கிறது: அதிக வேகம், அளவுக்கு மீறிய பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, ஓட்டும்போது செல்போன் என்று.

அதனால் நான் நோட்டீஸை வாங்கியதும் அந்தப் பிரிவு எண்ணைத்தான் பென்சிலால் வட்டமிடுவேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதாகப் புகார் என்றால், இருபது வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கான சான்றிதழ் பிறகுதான். அன்றைக்கு வண்டியில் யார் இருந்தார்கள், கிளீனரா, வழியில் ஏறியவரா, டிரிப் ஷீட் என்ன சொல்கிறது என்பதுதான் முதலில். உத்தரவு பாதகமாக வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆகவே உத்தரவின் நகலில் வாங்கிய தேதியை அங்கேயே எழுதிக்கொள்ளச் சொல்வேன்.