கணக்கில் கட்டிய ஆம்பும் படியெடுத்த ஆம்பும்

நூறு வாட் வால்வு ஆம்ப் தன் முழுக் குரலைக் காட்ட வேண்டுமானால் வால்யூமைப் பாதிக்கு மேல் திருக வேண்டும். திருவொற்றியூரில் அதற்கு வழியில்லை. எம்ஆர்எஃப் ஆலையிலும் எண்ணூர் அசோக் லேலண்டிலும் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பகலில் தூங்கும் தெருக்கள் இவை. ஒரு வீட்டின் சுவரே பக்கத்து வீட்டுக்கும் சுவர். இந்தப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் பழகும் பிள்ளைக்கு மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன், இலவச ஆம்ப் சிமுலேட்டர் என்ற நான்கும் சேர்ந்ததுதான் ஆம்ப்.

இதை ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று ஒதுக்க முடியாது. ரிவெர்ப், டிலே என்று எந்த ஒப்பனையும் பூசாத பச்சையான கிட்டார் டோனைத் தரும் தகுதி இன்றைய இலவச மென்பொருள்களுக்கு உண்டு. அவற்றில் இரண்டை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று எமிசரி. மற்றொன்று நியூரல் ஆம்ப் மாடலர், சுருக்கமாக என்ஏஎம். இரண்டும் ஒரே இடத்துக்கு வர முயல்கின்றன. புறப்படும் இடமும் வரும் பாதையும் வேறு.

இரண்டு பிறப்புகள்

எமிசரியை உருவாக்கியது இத்தாலியைச் சேர்ந்த இக்னைட் ஆம்ப்ஸ் குழு. ஒரு வால்வு ஆம்பின் சர்க்யூட் கிட்டாரின் சிக்னலை எப்படி மாற்றும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, அந்தச் சமன்பாடுகளைக் கணினி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தீர்க்கும்படி செய்வது இவர்கள் வழி. ஆம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவிலிருந்து ஓசை பிறக்கிறது.

என்ஏஎம் ஸ்டீவன் அட்கின்சன் எழுதிய திறந்த மூல மென்பொருள். ஆம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. சில நிமிட நீளமுள்ள ஒரு சோதனை ஒலியை உண்மையான ஆம்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்கிறார்கள். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒரு நரம்பணு வலையமைப்பிடம் கொடுத்து, இதிலிருந்து அதை உண்டாக்கப் பழகு என்கிறார்கள். 2016-இல் டீப்மைண்ட் நிறுவனம் பேச்சொலியை உருவாக்குவதற்காக வெளியிட்ட வேவ்நெட் என்ற வடிவமைப்பின் வழிவந்ததே இதில் பரவலாகப் பயன்படும் வலையமைப்பு. பயிற்சி முடிந்தால் ஒரு சிறிய கோப்பு கிடைக்கும். அந்தக் கோப்புதான் ஆம்பின் படி. உலகெங்கும் கிட்டார் கலைஞர்கள் இப்படிப் படியெடுத்த ஆயிரக்கணக்கான கோப்புகளை இலவசமாகப் பகிர்கிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

பச்சையான டோன் என்பது வரலாற்றில் முதலில் திட்டமிட்டு வந்ததல்ல. 1951-இல் 'ராக்கெட் 88' பாட்டின் கிட்டார் கரகரத்ததற்குக் காரணம் பழுதான ஆம்ப். 1958-இல் கிட்டார் கலைஞர் லிங்க் ரே அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே பெறுவதற்காகத் தன் ஸ்பீக்கரில் துளை போட்டார். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கிழித்தார். தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றப்பட்ட ஒரு கருவி, கைக்குத் தக்கபடி பதில் சொன்னதே அந்த ஓசை. மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் உடைவு என இரண்டும் ஒரே அமைப்பில், விரல் வழியாகவே வர வேண்டும்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான். விரலில் நடக்கும் வித்தியாசம் எவ்வளவு தூரம் அழியாமல் காதுக்கு வருகிறது? எத்தனை ஆம்ப் இருக்கிறது, திரையில் படம் எவ்வளவு அழகு என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒப்பிடுவதற்கு முன் வாசலைச் சரி செய்ய வேண்டும். கிட்டாரின் பிக்கப்புக்குச் சுமார் ஒரு மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு தேவை. மடிக்கணினியின் மைக் துளையில் நேரே சொருகினால் மேல் சுரங்களின் பளிச்சு அங்கேயே செத்துவிடும். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கெயினைத் திருகும்போது மிகக் கடுமையாக மீட்டினாலும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. டிஜிட்டல் உச்சத்தில் வெட்டுப்படும் ஓசைக்கும் வால்வு உடையும் ஓசைக்கும் உறவே இல்லை. மின்கம்பியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சிங்கிள் காயில் பிக்கப்பில் ஏறும். எர்த் சரியில்லாத வீடுகளில் இது இன்னும் மோசம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுவதும், திரையை விட்டுச் சற்றுத் திரும்பி உட்கார்வதும் உதவும். கடற்காற்றில் துருவேறிய தந்தியை மாற்றிவிட்டு உட்கார வேண்டும். துருத் தந்தியின் மந்தத்தை எந்த மென்பொருளும் நீக்காது.

விரலுக்குப் பதில்

இரண்டிலும் ஒரே கிட்டார், ஒரே கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) கோப்பு, ஒரே ஒலி அளவு. ஒலி அளவு சமமாக இருப்பது முக்கியம். சற்றே உரத்தது எப்போதும் நல்லதாகவே கேட்கும். கிட்டாரின் வால்யூமைப் பத்தில் வைத்து ஒரு முழு கார்டு, ஆறுக்கு இறக்கி அதே கார்டு, பிறகு விரல் நுனியால் ஒற்றைத் தந்தி. சோதனை இவ்வளவே.

உடைவின் விளிம்பில் இருக்கும் ஒரு பழைய பிரிட்டிஷ் ஆம்பின் படியை என்ஏஎம்மில் ஏற்றினால், வால்யூமை இறக்கும்போது கரகரப்பு படிப்படியாக விலகுகிறது. கார்டின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்கிறது. தந்தியை இழுத்துக் கமகம் போல வளைக்கும்போது, சுரம் ஏறுவதோடு அதன் முரட்டுத்தனமும் கூடிக் குறைகிறது. படியெடுத்தது உண்மையான ஆம்பை என்பதால், அந்த ஆம்பின் குறைகளும் கூடவே வந்துவிடுகின்றன. பச்சையான டோனுக்கு அந்தக் குறைகளே உயிர்.

எமிசரி பிறந்தது மெட்டல் இசைக்கு. அதன் லீட் சேனலில் கெயின் தாராளம்; அழுத்தியதும் மெல்லியதும் ஒரே சுவராக நிற்கும். அதைக் குறை என்று சொல்லவில்லை. இறுக்கமான ரிதம் வாசிப்புக்கு அந்தச் சுவர் வேண்டும். ஆனால் பச்சையான டோன் தேடுபவர் கிளீன் சேனலுக்குப் போய், அதை உடைவின் ஓரம்வரை தள்ள வேண்டும். தள்ளினால் நல்ல பதில் வருகிறது. இருந்தாலும் விளிம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டி வரும் நெகிழ்வில், என் காதுக்கு என்ஏஎம் முந்துகிறது.

திருகுகளின் கதை

இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. எமிசரியில் கெயின், பாஸ், மிட், ட்ரெபிள், பிரெசென்ஸ் எல்லாம் ஆம்பின் உள்ளே எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அங்கே இருக்கின்றன. ஒன்றைத் திருகினால் மற்றதன் நடத்தையும் மாறும். கெயினைக் கூட்டினால் பாஸ் சேறாகிறது, பாஸைக் குறைத்தால் உடைவு இறுகுகிறது என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். உண்மையான ஆம்பை ஒருநாள் மேடையில் தொடப் போகும் பிள்ளைக்கு இது பள்ளிக்கூடம்.

என்ஏஎம் கோப்போ ஒரு நிலையில் உறைந்தது. படியெடுத்தவர் கெயினை ஐந்தில் வைத்திருந்தால் அது ஐந்துதான். ஆறு வேண்டுமென்றால் ஆறில் எடுத்த இன்னொரு கோப்பைத் தேட வேண்டும். அதன் முகப்பில் உள்ள பாஸ், மிட், ட்ரெபிள் ஆகியவை ஆம்பைக் கடந்து வந்த ஒலியின் மேல் வேலை செய்பவை. ஆம்பின் சொந்தத் திருகுகள் அல்ல. 'இன்புட்' திருகு மட்டும் ஆம்புக்குள் எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்பதை மாற்றும். அதனால் அதைத்தான் முதலில் கவனமாக வைக்க வேண்டும். கோப்புகளின் கடலில் ஒன்றைப் போட்டு ஒன்றை எடுத்துக்கொண்டே இருந்தால் மாலை முழுவதும் கரைந்துவிடும், வாசிப்பு நடக்காது. இரண்டு மூன்று கோப்புகளைத் தேர்ந்துகொண்டு மற்றதை மறப்பதே வழி.

கேபினெட் என்ற பாதி ஆம்ப்

இரண்டையும் ஒப்பிட்டு முடித்தபோது எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: இரண்டு மென்பொருள்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட, அவற்றுக்குப் பின்னால் போடும் இரண்டு கேபினெட் கோப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் பெரிது.

12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழுந்துவிடும். அந்த வீழ்ச்சிதான் உடைந்த ஒலியின் மேல்முனைக் கிறீச்சை வெட்டி, காது ஏற்கும் குரலாக ஆக்குகிறது. கேபினெட் இல்லாமல் கேட்டுவிட்டு, இலவச மென்பொருள் மோசம் என்று தூக்கிப் போட்டவர்கள் பலர். எமிசரி ஆம்ப் மட்டுமே. அதே குழுவின் இலவச மென்பொருளான நாடிரில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற கேபினெட் கோப்பை ஏற்ற வேண்டும். என்ஏஎம்மில் அந்த வசதி உள்ளேயே உண்டு. ஆனால் சில படிகள் ஆம்பை மட்டும் எடுத்தவை, சில ஸ்பீக்கரும் மைக்கும் சேர்த்து எடுத்தவை. சேர்த்து எடுத்ததற்கு மேல் இன்னொரு கேபினெட்டையும் போட்டால் ஓசை மூடிக்கொள்ளும். கோப்பின் குறிப்பைப் படித்துவிட்டு ஏற்ற வேண்டும்.

கேபினெட் கோப்பில் மைக் எங்கே நின்றது என்பதே எல்லாம். ஸ்பீக்கரின் நடுவில் நின்றால் பளிச்சு; ஓரத்துக்கு நகர நகரக் கனம். பச்சையான டோனுக்கு ஒரே ஒரு மைக், சற்றே நடுவிலிருந்து விலகியது, போதும்.

கணினியும் தாமதமும்

பழைய மடிக்கணினியில் எமிசரி இலகுவாக ஓடும். என்ஏஎம்மின் வழக்கமான அளவுக் கோப்பு செயலியை அதிகம் கேட்கும். திணறினால் ஃபெதர், நானோ போன்ற சிறிய அளவில் பயிற்றப்பட்ட கோப்புகளைத் தேடலாம். அவற்றில் துல்லியம் கொஞ்சம் குறையும். என்ஏஎம் கோப்புகள் பெரும்பாலும் 48,000 ஹெர்ட்ஸில் பயிற்றப்பட்டவை என்பதால் பதிவையும் அதே அளவில் வைப்பது நல்லது. அந்த அளவில் பஃபர் 128 என்றால் அதற்கான தாமதம் சுமார் 2.7 மில்லி நொடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஒரு மீட்டருக்கும் குறைவான தூரமே போகும். உள்ளே வரவும் வெளியே போகவுமாக இது இரட்டிப்பானாலும், ஆம்பிலிருந்து சில அடி தள்ளி நின்று வாசிப்பது போலத்தான் இருக்கும். 512-க்கு மேல் போனால் விரலும் காதும் பிரிந்துவிடும்; பச்சையான டோனின் பாதி அங்கே போய்விடும்.

கானாவுக்குப் பக்கத்தில்

தனியாக வாசிக்கும்போது அழகாகக் கேட்பது, பாட்டோடு சேரும்போது காணாமல் போகும். இந்த மண்ணுக்கான சோதனை வடசென்னையின் கானாவோடு சேர்த்துப் பார்ப்பது. 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து தொடங்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது, கானாக் குரலும் சட்டியும் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே வரிசையில் நின்றன. அந்தக் கூட்டணியில் கிட்டாருக்கு இடம் நடு அலைவரிசையில்தான். கீழே பேஸ் கிட்டார், மேலே சட்டியின் துள்ளல், நடுவிலோ குரல். கெயின் அதிகமானால் கிட்டார் நடுவெல்லாம் பரவிக் குரலின் மேல் ஏறி உட்காரும்.

இந்தச் சோதனையில் குறைந்த கெயினில் எடுத்த என்ஏஎம் படி, குரல் நின்ற இடைவெளியில் கேட்டு, குரல் வந்ததும் ஒதுங்குகிறது. எமிசரியில் மிட்டைக் குரலுக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ளும் சுதந்திரம் இருப்பதால், பாட்டுக்குப் பாட்டு மாற்றுவது எளிது. மேடைக்கு ஒரே டோன் போதும் என்பவருக்கு முதலாவது, பதிவறையில் பல பாட்டுக்கு உழைப்பவருக்கு இரண்டாவது.

தீர்ப்பு

பழக ஆரம்பிப்பவர் எமிசரியில் தொடங்கட்டும். ஆம்பின் திருகு ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று காதுக்குத் தெரியும்வரை அதிலேயே இருக்கட்டும். விரல் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லும் பச்சையான டோன் வேண்டும் என்ற இடம் வரும்போது என்ஏஎம்முக்கு மாறட்டும். இரண்டிலும் வரிசை ஒன்றே: முதலில் தந்தியும் உள்ளீட்டு அளவும், பிறகு கேபினெட், கடைசியில் ஆம்ப். பெரும்பாலோர் தலைகீழாகத் தேடுகிறார்கள்.

என்ஏஎம்மை நான் ஒரு படி மேலே வைப்பதற்கு டோனைத் தாண்டியும் காரணம் உண்டு. எமிசரியில் எந்த ஆம்ப் இருக்க வேண்டும் என்பதை இத்தாலியில் சிலர் முடிவு செய்தார்கள். என்ஏஎம்மில் அந்த முடிவு யார் கையிலும் இருக்கலாம். தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர் வாழ்ந்த இந்தத் திருவொற்றியூருக்குத் தந்தி வாத்தியம் புதிதல்ல. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இங்கே ஒரு சொந்த ஓசை இருக்கிறது. வடசென்னையின் தேவாலயங்களிலும் மெல்லிசைக் குழுக்களின் ஒத்திகை அறைகளிலும் ஸ்ட்ரேஞ்சர் போன்ற நம் நாட்டு டிரான்சிஸ்டர் ஆம்புகள் ஆண்டுக்கணக்காக உழைத்திருக்கின்றன. அவற்றின் முரட்டுக் குரலை எந்த வெளிநாட்டு நிறுவனமும் மென்பொருளாக்கப் போவதில்லை.

நாமே ஆக்கலாம். வெளியீடு உள்ள ஒரு இன்டர்ஃபேஸ், அந்த வெளியீட்டைக் கிட்டாரின் அளவுக்கு இறக்கும் ஒரு ரீ-ஆம்ப் பெட்டி, ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு டைனமிக் மைக், அமைதியான அரைமணி நேரம் போதும். பயிற்சியை இணையத்தில் கிடைக்கும் இலவசக் கணினியிலேயே நடத்தலாம். வால்வு ஆம்பாக இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது, ஆம்ப் எரிந்துவிடும் என்ற ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்ட்ரேஞ்சர் போன்ற ஒரு ஆம்ப் உங்கள் தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் அதைப் படியெடுத்து வையுங்கள். அடுத்து கிட்டார் எடுக்கும் பிள்ளைக்கு அது விலையில்லாமல் போய்ச் சேரும்.