சொல்லாமல் இருக்கும் உரிமை

எனக்கு முதல் வலிப்பு வந்தது பதினாறு வயதில், நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில். கண் விழித்தபோது என் கைக்குள் ஒரு கார் சாவி இருந்தது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது ஊர்ப் பழக்கம். பதற்றத்தில் ஒரு மாமா தன் சாவியைத் திணித்திருக்கிறார். அதில் இரும்பைவிட பிளாஸ்டிக்தான் அதிகம். (சாவியால் எந்தப் பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 911.)

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒன்றுதான்: "யார்கிட்டயும் சொல்லாதம்மா."

இரண்டு வருடம் கழித்து என் முன்னால் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று கல்லூரிச் சேர்க்கைக்கு. அதில் நோய் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இன்னொன்று வலிப்பு நோய் உள்ள மாணவர்களுக்கான ஸ்காலர்ஷிப். அதற்கு டாக்டர் கடிதம் வேண்டும், வலிப்போடு எப்படி வாழ்கிறேன் என்று கட்டுரையும் எழுத வேண்டும்.

"காலேஜே கேக்கல. நீயா எதுக்குப் போய்ச் சொல்ற?" என்றார் அம்மா.

நல்ல கேள்வி. காலேஜ் ஏன் கேட்கவில்லை? தேடிப் படித்தபோதுதான் அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருப்பது தெரிந்தது.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் வலிப்பு உள்ளவர்களில் பலரை "காலனி" என்ற பெயரில் ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் கிரெய்க் காலனி 1896ல் திறக்கப்பட்டது. பல மாநிலங்களில் அவர்கள் திருமணம் செய்துகொள்வதற்கே தடை இருந்தது. அந்தத் தடையைக் கடைசி மாநிலம் நீக்கியது 1980ல்தான்.

டோனி கோயெல்ஹோ என்பவரின் கதையைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த போர்ச்சுகீசிய வம்சாவளிக் குடும்பம். சிறு வயதில் ஒரு விபத்தில் தலையில் அடிபட்டது, பிறகு வலிப்பு வரத் தொடங்கியது. பெற்றோர் அதை வலிப்பு என்று ஏற்க மறுத்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று பயந்து மந்திரவாதிகளிடம் அழைத்துப் போனார்கள். (எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?) 1964ல் கல்லூரியை முடித்துப் பாதிரியார் ஆக விண்ணப்பித்தார். மருத்துவப் பரிசோதனையில் வலிப்பு நோய் என்று தெரிந்தது. அன்றைய திருச்சபைச் சட்டப்படி வலிப்பு உள்ளவர் பாதிரியார் ஆக முடியாது. டிரைவிங் லைசென்ஸும் போனது. வேலை விண்ணப்பங்களில் "வலிப்பு உண்டா?" என்று கட்டம் இருக்கும். அவர் உண்மையாக டிக் செய்தார். வேலை கிடைக்கவில்லை.

அந்தக் கட்டத்தைக் கல்லூரி விண்ணப்பத்திலிருந்து எடுத்தது 1973ல் வந்த ஒரு சட்டம். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது அதன் 504ஆம் பிரிவு. ஆனால் அதற்கான விதிமுறைகளை அரசு நான்கு வருடம் இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்து, மூன்று வாரத்துக்கும் மேல் அங்கேயே தங்கிப் போராடினார்கள். ஏப்ரல் 28ல் விதிமுறைகள் கையெழுத்தாயின. அவற்றில் ஒன்று: சேர்க்கைக்கு முன் ஒரு மாணவருக்கு ஊனம் உண்டா என்று கல்லூரி கேட்கக் கூடாது.

அம்மா சொன்ன அந்த "கேக்கல"வுக்குப் பின்னால் தரையில் படுத்துப் போராடியவர்கள் இருக்கிறார்கள்.

கோயெல்ஹோ 1978ல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தின் முதல் வரைவை 1988ல் கீழவையில் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் பதவி விலகிய மறு வருடம், 1990ல், அது சட்டமானது.

ஸ்காலர்ஷிப்கள் இதற்கெல்லாம் பிறகு வந்தவை. யூ.சி.பி. என்ற மருந்து நிறுவனம் நடத்திவந்த திட்டம் நோயாளிகளுக்கு மட்டுமில்லாமல் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் உதவியது. வலிப்பு மாத்திரை விற்கும் கம்பெனிதான், அதையும் மறக்க வேண்டாம். ஆனால் தேவை உண்மையானது. மாத்திரையின் அசதியில் ஒரு செமஸ்டரில் எடுக்கும் பாடங்களைக் குறைத்தால் படிப்பு நீளும், செலவும் கூடும். கார் ஓட்ட முடியாவிட்டால் பல பகுதிநேர வேலைகளுக்குப் போக முடியாது. இந்தப் பணத்தை நான் இரக்கமாக நினைக்கவில்லை. ஏற்கெனவே ஆகிற கூடுதல் செலவில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

அம்மாவின் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ல் ஒரு திருத்தம் வந்தது. அடிக்கடி வலிப்பு வரும் ஒருவரின் திருமணத்தை அந்தக் காரணத்துக்காகவே ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஆனது. "வலிப்பு" என்ற சொல்லை நீக்கியது 1999ல். அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1995ல். மூடி மறைப்பதுதான் பாதுகாப்பு என்று அவர் கற்றுக்கொண்டது சும்மா இல்லை. இதைப் படித்த பிறகு எனக்கு அவர் மேல் இருந்த கோபம் குறைந்தது.

நான் கட்டுரையை எழுதினேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் கடிதத்தை அவரே போய் வாங்கிவந்தார்.

ஸ்காலர்ஷிப் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கல்லூரியில் சேர்ந்ததும் அதே கடிதத்தை மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்தில் கொடுத்தேன். தேர்வுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால், எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருக்கும் உரிமையை உங்களுக்காகப் போராடி வாங்கி வைத்திருக்கிறார்கள். அது கையில் இருப்பதால்தான், எப்போது, யாரிடம் சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

அடுத்த ஆண்டு விழாவில் அந்தச் சாவி மாமாவைப் பார்த்தோம். அம்மாவே அவரிடம் போய், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இனிமே சாவி வேண்டாம்ணா. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாப் போதும்."